ஈப்பொறி விரதம் இருந்த பத்து நாள்

ஆட்டுக்கார அக்கா ஈக்களுக்குப் பெயர் வைத்திருந்தார். பச்சையாகப் பளபளப்பது மாப்பிள்ளை ஈ. கருநீலமாகப் பெருத்து, போத்தலில் மோதி மோதிச் சத்தம் போடுவது கங்காணி ஈ. சாம்பல் நிறத்தில் ஒன்றும் செய்யாமல் ஓரமாக உட்கார்ந்திருப்பது கிராணி ஈ. அப்போது அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நான்தான்.

"கோவிச்சுக்காதீங்க கிராணியாரே. மூணுல அது ஒண்ணுதான் ஆட்டுக்குக் கெடுதல் பண்ணாது" என்றார் ஒருமுறை. அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் மூன்றாண்டுகள் செய்தி எழுதிவிட்டு, அங்கே ஆள் குறைத்தபோது கேமரன் மலைக்குத் திரும்பியிருந்தேன். தோட்டம் தானா ராத்தா டவுனிலிருந்து லோரியில் முக்கால் மணி நேரம். ஆபீசில் என் வேலை பெயர்ப் பதிவும் கடிதங்களும். ஆடுகள் வந்த பிறகு ஈக் கணக்கும் சேர்ந்துகொண்டது.

நாற்பத்திரண்டு ஆடுகள் ஒரு மழை நாளில் லோரியில் வந்து இறங்கின. உடம்பெல்லாம் ரோமம் சுருண்ட செம்மறிகள், வெளிநாட்டுக் கலப்பு. தொழிலாளர் குடியிருப்பான லயனின் ஜனங்கள் அவற்றுக்குக் கம்பளி ஆடு என்று பெயர் வைத்தார்கள். இளந்தேயிலைக்கு நடுவே முளைக்கும் புல்லை அவை மேயும், கொழுந்தில் வாய் வைக்காது, மருந்தடிக்கும் செலவு குறையும் என்பது தோட்டத்து மானேஜரான துரையின் எண்ணம். பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. கொழுந்தை மோந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்துவிடும். ஓராண்டு பார்ப்பது, சரிப்படாவிட்டால் மொத்தமாக ஈப்போ கறி வியாபாரியிடம் கொடுத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான்.

ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அக்காவுக்குக் கிடைத்தது. அவருக்கு அப்போது நாற்பது இருக்கும். அதற்கு முந்தைய ஆண்டு, கொழுந்து லோரியின் படியில் வழுக்கி விழுந்ததில் வலது தோள் கெட்டுவிட்டது. எங்கள் தோட்டத்தில் கொழுந்தைக் கத்தரியால் வெட்டுவார்கள். நாள் முழுக்க இரண்டு கையையும் மார்புக்கு நேராகத் தூக்கி வைத்திருக்கவேண்டிய வேலை. அது அவரால் இனி முடியாது. கணவர் இறந்துவிட்டார். மகள் தானா ராத்தாவில் நான்காம் பாரம் படித்துக்கொண்டிருந்தாள். லயன் வீடு வேலை செய்கிறவருக்குத்தான். ஆடு போனால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும். இதை அவர் யாரிடமும் சொல்லிப் புலம்பி நான் கேட்டதில்லை. ஆனால் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

முதல் மழை மாதத்திலேயே மூன்று ஆடுகளுக்குப் புழு வைத்துவிட்டது. வெள்ளாடாக இருந்தால் மழை வழிந்து போய்விடும். இவற்றின் ரோமம் பஞ்சுபோல நீரைக் குடித்துவைக்கும். வாலடியில் சாணமும் மூத்திரமும் சேர்ந்து ஈரம் நாறத் தொடங்கினால் பச்சை ஈ வந்து முட்டையிடும். ஒரே நாளில் முட்டை புழுவாகும். புழு தோலைத் தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஆடு காலை உதைக்கும், வாலை ஆட்டும், கூட்டத்திலிருந்து தள்ளி நிற்கும். அதைக் கவனித்துப் புரட்டிப் பார்ப்பதற்குள் உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

கால்நடை இலாகா உதவியாளர் ஒருவர் மலையடிவாரத் தாப்பாவிலிருந்து மேலே வந்தார். தமிழர், முப்பது வயதுக்காரர். அவரை எல்லாரும் ஆட்டு டாக்டர் என்றார்கள். சாமணத்தால் புழுவை எடுப்பதையும், ஊதா மருந்து போடுவதையும், வாலைச் சுற்றி ரோமத்தை ஒட்ட வெட்டுவதையும் அவர் காட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார்.

"இது ஈப்பொறி, அக்கா."

"இத வச்சா ஈ ஒழிஞ்சிருமா?"

"ஒழியாது. எப்பப் பெருகுதுன்னு தெரிஞ்சுக்கலாம்."

"தெரிஞ்சு? மால போட்டு வரவேற்கவா?"

"நீங்க ஒண்ணு! ஈ பெருகற வாரம் தினமும் ஆட்டப் பொரட்டிப் பாக்கணும். இல்லாத வாரம் சும்மா இருக்கலாம். தினமும் நாப்பது ஆட்டப் பொரட்ட உங்க தோளு தாங்குமா?"

அக்கா படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் ஆறு பொறிகள் செய்து கொடுத்தார். பெரிய பிஸ்கட் டின். அடியில் சுற்றிலும் விரல் நுழையும் துளைகள். உள்ளே தகரக் கிண்ணத்தில் இரை, அதன்மேல் ஈ முட்டையிட முடியாதபடி சல்லடைத் துணி. டின்னின் வாயில் கம்பி வலையால் ஒரு கூம்பு, கூம்பின் நுனியில் ஓட்டை, அதன்மேல் கவிழ்த்த ஜாம் போத்தல். நாற்றத்துக்கு உள்ளே வரும் ஈ, திரும்பிப் போகும்போது வந்த வழியே போகாது. வெளிச்சத்தைப் பார்த்து மேலே ஏறும், போத்தலுக்குள் போய்விடும். அவ்வளவுதான். மனிதர்கள் எத்தனையோ முறை ஏமாறும் விதத்தில் ஈயும் ஏமாறுகிறது என்று நாளிதழில் இருந்திருந்தால் எழுதியிருப்பேன். இங்கே பதிவேட்டில் அதற்கு இடமில்லை.

படத்தில் இரை மாட்டு ஈரல் என்று இருந்தது. "மாட்டு ஈரலெல்லாம் நான் தொடமாட்டேன்" என்றார் அக்கா. ஆட்டு டாக்டர் அதற்குத் தயாராகவே வந்திருந்தார். ஆட்டு ஈரலும் ஆகும் என்றார். தானா ராத்தா ஆட்டுக்கறிக் கடையில் விற்காமல் மிஞ்சும் ஈரல் துண்டுகளைத் தோட்டத்து லோரி வாரம் இருமுறை ஏற்றிவரும் என்று ஏற்பாடானது. "ஆட்டக் காப்பாத்த ஆட்டு ஈரலா?" என்று லயனில் சிரித்தார்கள். "உங்க ஊட்டு ஈரல் குடுத்தாலும் வாங்கிக்கறேன்" என்றார் அக்கா.

ஆறு பொறிகளுக்கும் அவரே இடம் பார்த்தார். இரண்டு ஆட்டுக் கொட்டகைக்கு இரு பக்கமும். ஒன்று ஓடைக்கரையில். ஒன்று லயன் ஓரத்தில். ஒன்று தொழிற்சாலைக்குப் பின்னால். ஆறாவது தோட்டத்து எல்லையில், காய்கறித் தோட்ட முதலாளியான ஒரு சீனத் தவுக்கேயின் முட்டைக்கோஸ் கெபுனுக்குப் பக்கத்தில். தவுக்கே எருவுக்குக் கோழிச்சாணம் இறக்குவார். சாண லோரி வந்த மறுநாள் அந்தப் பொறியில் கிராணி ஈ நிரம்பி வழியும்.

அவர் எண்ணிய விதத்தைச் சொல்ல வேண்டும். எண்ணுவதைத் தொழிலாகக் கொண்ட பலரைப் பார்த்திருக்கிறேன், கூட்டத்தின் தலைகளை எண்ணிச் செய்தி எழுதும் நிருபர்கள் உட்பட. அக்காவைப்போல யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

வாரத்தில் மூன்று காலைகள், பனி விலகுவதற்கு முன்பு, ஈ குளிரில் மரத்துக் கிடக்கும் நேரத்தில் ஆறு போத்தல்களையும் கழற்றிக்கொண்டு வருவார். சோப்புத் தண்ணீரில் அமுக்கிச் சாகடிப்பார். பிறகு ஒவ்வொன்றாக வெள்ளைப் பீங்கான் தட்டில் கொட்டி, ஒரு கோழி இறகால் பிரிப்பார். பச்சை ஒரு பக்கம், கருநீலம் ஒரு பக்கம், சாம்பல் ஒரு பக்கம். பச்சையை மட்டும் பத்துப் பத்தாக வரிசை கட்டுவார். இறகு ஓர் ஈயையும் இரண்டு முறை தொடாது. பத்தாவதைத் தள்ளும்போது உதடு ஒருமுறை அசையும். எண்ணி முடித்தபின் மறுமுறை எண்ணுவார், இம்முறை கடைசி வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு. இரண்டும் ஒத்தால்தான் எனக்குச் சொல்வார். கைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, எலுமிச்சையால் தேய்த்து, மோந்து பார்த்து, மறுபடியும் தேய்த்துவிட்டுத்தான் என் ஆபீஸ் சன்னலுக்கு வருவார்.

சில காலைகளில் போத்தலை உள்ளங்கையில் சூடாக்கி, ஈ முனகத் தொடங்கியதும், தண்ணீரில் அமுக்குவதற்கு முன்பே காதோடு வைத்துக் கேட்பார். "முப்பது, முப்பத்தொண்ணு" என்பார். நான் நம்பவில்லை. ஒரு வாரம் அவர் சொன்னதையும் எண்ணியதையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். அதிகபட்சம் இரண்டு ஈ வித்தியாசம் வந்தது.

"பேப்பர்காரரு சந்தேகப்பட்டீங்களா?"

"தொழில் புத்தி, அக்கா."

"பட்டா நல்லதுதான் லா. சந்தேகம் இல்லாதவங்கதான் அளவு கூடக் கொறைய எழுதுறாங்க."

துரை ஒரு விதி வைத்தார். ஆறு பொறிகளிலும் சேர்த்துப் பச்சை ஈ அறுபதைத் தாண்டினால் மருந்தடிக்கும் கும்பலிலிருந்து ஓர் ஆள் அக்காவுக்குத் துணையாக வருவார். இருவரும் தினமும் எல்லா ஆட்டையும் புரட்டிப் பார்க்க வேண்டும். அறுபதுக்குக் கீழே இருந்தால் அக்கா தனியாக, மூன்று நாளுக்கு ஒருமுறை. துணைக்கு வந்தவர் அடுத்த லயன்காரர், பெரிய உடம்பு. அக்கா அவரை அண்ணே என்பார். அண்ணன் ஆட்டைப் பிடித்து உட்காரவைத்து முதுகைத் தன் முழங்காலில் சாய்த்துக்கொள்வார். அக்கா ரோமத்தை விரலால் வகிர்ந்து வகிர்ந்து பார்ப்பார், மகளுக்குப் பேன் பார்ப்பதுபோல.

ஏழு மாதம் இப்படி ஓடியது. ஈ ஏறிய வாரங்களில் தினமும் பார்த்தார்கள். இறங்கிய வாரங்களில் அண்ணன் மருந்தடிக்கப் போய்விட்டார். முட்டையாக இருக்கும்போதே கண்டுபிடித்து வெட்டி எடுத்த ரோமக் கற்றைகளை அக்கா எனக்குக் காட்டியிருக்கிறார், அரிசிக் குருணை ஒட்டியதுபோல இருக்கும். அந்த ஏழு மாதத்தில் ஒரே ஓர் ஆட்டுக்குத்தான் புழு வைத்தது. ஆட்டு டாக்டர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கீழே உள்ள பண்ணைகளுக்குக் காட்ட வேண்டும் என்று சில பக்கங்களை எழுதிக்கொண்டு போனார். துரையும் திருப்தியாக இருந்தார்.

பிறகு சித்திரை வந்தது. தோட்டத்து மாரியம்மன் திருவிழா.

காப்புக் கட்டியதும் பத்து நாளைக்கு லயனில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. இதை யாரும் யாருக்கும் அறிவிப்பதில்லை. மழை பெய்தால் குடை எடுப்பதுபோல அது நடக்கும். அக்காவுக்கு அந்த வருடம் பால்குட நேர்த்தி வேறு, மகளின் பரீட்சைக்காக. அவர் ஈரலைத் தொட முடியாது. லோரி டிரைவரும் காப்புக் கட்டியவர், அவர் ஈரலை ஏற்றி வரமாட்டார். ஆனால் பொறியைக் காலியாக விட அக்காவுக்கு மனம் வரவில்லை. தவுக்கேயிடம் அழுகிய முட்டைக்கோஸும் ஒரு வாளிக் கோழிச்சாணமும் கேட்டு வாங்கினார். இரண்டையும் பிசைந்து ஆறு கிண்ணத்திலும் வைத்தார்.

நான் அதை என் கண்ணால் பார்த்தேன்.

"என்னக்கா, பொறியும் விரதமா?"

"ஆமா, பத்து நாளைக்கு அதுக்கும் சைவந்தான். நாத்தத்துல ஒண்ணும் கொறைச்சல் இல்ல, மோந்து பாருங்க."

சிரித்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். நானும் விரதம். அவர் செய்தது சரி என்றுதான் எனக்குத் தோன்றியது. சரியா தவறா என்று யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தப் பத்து நாளில் கறி இல்லாதது எங்களுக்கு ஒரு செய்தியே அல்ல. செய்தி அல்லாததைப் பதிவேட்டில் யார் எழுதுவார்கள்?

முதல் எண்ணிக்கையில் பச்சை அறுபத்தைந்துக்கு இறங்கியது. அடுத்ததில் பதினொன்று. சாம்பல் ஈ தட்டு நிறைய இருந்தது, ஆனால் பதிவேட்டில் பச்சைக்கு மட்டும்தான் கட்டம். மழை நன்றாகப் பெய்துகொண்டிருந்தது. மழையில் பச்சை ஈ ஏறும் என்று ஏழு மாதக் கணக்கு சொன்னது. இம்முறை இறங்கியது. அந்த முரண் என் கண்ணில் பட்டது. நான் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன். துரைக்கு ஒரு குறிப்பு தட்டச்சு செய்தேன்: பச்சை ஈ இதுவரை இல்லாத அளவுக்குக் குறைந்துள்ளது. மதியத்துக்குள் அண்ணனை மருந்தடிக்கும் கும்பலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எண்ணைச் சரிபார்த்தேன். எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. எங்கிருந்து என்று கேள் என்பது நாளிதழில் முதல் வாரத்திலேயே சொல்லித்தந்த பாடம்.

எட்டாம் நாள் காலை அக்கா ஆபீஸ் சன்னலுக்கு வந்தார். கையில் பதிவுத் தாள் இல்லை.

"அண்ணன அனுப்பச் சொல்லுங்க. அஞ்சு ஆடு தள்ளி நிக்குது."

ஐந்தல்ல, ஏழு. கொட்டகையில் போய்ப் பார்த்தேன். அண்ணன் ஆடுகளைப் பிடிக்கப் பிடிக்க அக்கா கத்தரியால் ரோமத்தைத் திறந்தார். விரதக்காரர் தொடக்கூடாததை எல்லாம் தொட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் ஒருமுறை, "தங்கச்சி, பால்குடம்…" என்று ஆரம்பித்தார். "ஆத்தாளுக்குக் கண்ணு இருக்கு. பாக்கட்டும்" என்றார். சாயங்காலம் வரை சாமணம் கையை விட்டு இறங்கவில்லை. வலது தோள் தூக்க முடியாமல் போனபோது இடது கைக்கு மாற்றிக்கொண்டார். ஆறு ஆடுகள் பிழைத்தன. ஒரு கிழப் பெட்டை மறுநாள் விடிவதற்குள் இறந்தது.

துரை வந்தார். பினாங்குக்காரர். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். இறந்த ஆட்டைப் பார்த்தார், பதிவேட்டில் பதினொன்று என்ற எண்ணைப் பார்த்தார். பொறி கணக்கு இப்படி என்றால் பொறியால் பயனில்லை, பொறி இல்லாமல் இந்த மலையில் கம்பளி ஆடு வளர்க்க முடியாது என்றார். ஈப்போ வியாபாரிக்கு எழுதச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அக்கா ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்தார். நான் காகிதத்தை மெஷினில் நுழைக்கவில்லை. "மழை ஜாஸ்தின்னு ஒரு காரணம் எழுதிப் பாக்கலாம், அக்கா. மழையில ஈ பொறிக்கு வரலன்னு" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மழைன்னு எழுதினா அடுத்த வருசமும் மழை பேயும் கிராணியாரே." பிறகு எல்லைப் பொறி இருந்த பக்கம் கையைக் காட்டினார். "மாப்பிள்ளைக்கு முட்டைக்கோஸு பரிமாறினா வருவானா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நாமளா நெனைச்சுக்கிட்டோம். கிராணி ஈ சாணிக்கு வரும். பச்சையன் கறிக்குத்தான் வருவான். பொறி பொய் சொல்லல. நாமதான் அதுக்கும் விரதம் வச்சிட்டோம்."

"நானும் பாத்தேன், அக்கா. பாத்துட்டு எழுதாம விட்டது நான்."

"அத அப்புறம் பேசலாம். நாலு நாள் வேணும். விழா முடியட்டும், ஈரல தொடுறேன். துரைகிட்ட கேளுங்க."

கேட்டேன். துரை காலண்டரைப் பார்த்துவிட்டு, இன்றே கடிதம் போனாலும் வியாபாரியின் லோரி எப்படியும் அடுத்த வாரம்தான் வரும் என்றார். அதை அனுமதி என்று வைத்துக்கொண்டோம்.

பத்தாம் நாள் அக்கா பால்குடம் எடுத்தார். பதினோராம் நாள் காலை லோரியில் ஈரல் வந்தது. கொட்டகைக்குப் பின்னால் ஒரே இடத்தில், மூன்றடி இடைவெளியில், இரண்டு பொறிகளை வைத்தார். ஒன்றில் ஈரல், இன்னொன்றில் முட்டைக்கோஸும் சாணமும். மறுநாள் காலை போத்தல்களைக் கழற்றினார். ஈரல் பொறியில் பச்சை முப்பத்தெட்டு. மற்றதில் இரண்டு. நான் துரையிடம் ஓடத் தயாராக இருந்தேன்.

"இருங்க. இன்னும் முடியல."

இரண்டு பொறிகளையும் இடம் மாற்றி வைத்தார். நேற்று ஈரல் இருந்த இடத்தில் இன்று சாணம்.

"எதுக்கு?"

"நேத்து இந்தப் பக்கம் வெயிலு. ஈ வெயிலுக்குத்தான் வந்துச்சும்பாரு துரை. கொழுந்து நிறுக்கறப்ப தராசு மேல சந்தேகம் வந்தா நாங்க என்ன பண்ணுவோம்? கூடைய மாத்தி மாத்தித்தானே நிறுத்துப் பாப்போம்."

தன் வேலையும் வீடும் இன்னும் ஒரு வாரத்தில் போகலாம் என்ற நிலையில், தனக்குச் சாதகமாக வந்த முதல் பதிலை நம்ப மறுத்த வேறொருவரை நான் சந்தித்ததில்லை. இரண்டாம் நாள் ஈரல் பொறியில் நாற்பத்தொன்று. மற்றதில் ஒன்றே ஒன்று.

நான்கு பீங்கான் தட்டுகளில் ஈக்களை வரிசை கட்டி, ஆபீஸ் மேசையில் இரண்டு நாளுக்கு இரண்டிரண்டாக வைத்தார். துரை வந்தார். மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார். இரையை மாற்றச் சொன்னது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் அக்காவே பதில் சொன்னார்.

"யாரும் சொல்லல துரை. காப்புக் கட்டினா நாங்க கறி தொடமாட்டோம். நாந்தான் மாத்துனேன். மாத்தினத கிராணியார்கிட்ட எழுதச் சொல்லல. தப்பு எங்க மேல. பொறி மேல இல்ல, ஆட்டு மேலயும் இல்ல."

குறிப்பைத் தட்டச்சு செய்தவன் நான் என்பதையும், சைவ இரையைப் பார்த்துவிட்டும் எழுதாமல் விட்டதையும் நான் சொன்னேன். துரை நிமிர்ந்தார். திருவிழா ஆறாம் நாள் அவரும் பந்தியில் உட்கார்ந்து சாம்பாரும் பாயசமும் சாப்பிட்டுவிட்டுப் போனவர்தான். அது அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தட்டுகளை மறுபடியும் பார்த்தார். பதிவேட்டை எடுத்து, பென்சிலால் அவரே ஒரு கோடு போட்டார், எண்ணுக்கு இடப்பக்கம். அந்தக் கட்டத்தின் தலையில் இரை என்று எழுதச் சொன்னார். ஆட்டை எடுக்க இப்போதைக்கு வர வேண்டாம் என்று வியாபாரிக்கு இன்னொரு கடிதமும் எழுதச் சொன்னார். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. தட்டுகளை அடுக்கிக்கொண்டு வெளியே போய், ஓடையில் வெகுநேரம் கழுவினார்.

அந்த ஆண்டு முடிந்தது. ஆடுகள் இருந்தன. மகள் பரீட்சை எழுதிவிட்டாள். அடுத்த சித்திரை வருவதற்கு இரண்டு வாரம் முன்பே அக்கா எல்லையில் தவுக்கேயைப் பார்க்கப் போனார். இருவரும் சந்தைப் பேச்சான பாசார் மலாயில் பேசிக்கொண்டார்கள். பத்து நாளைக்கு ஆறு பொறியிலும் தவுக்கேயே ஈரல் வைக்க வேண்டும், அவர் வேனே டவுனிலிருந்து ஈரலைக் கொண்டுவர வேண்டும். தவுக்கே ஒரு நிபந்தனை போட்டார். தோட்டத்தில் வெட்டும் ரோமம் எல்லாம் தன் ஸ்ட்ராபெரிப் பாத்திக்கு வேண்டும், நத்தை வராது என்றார். அது வேலை செய்ததா என்று எனக்குத் தெரியாது. ஒப்பந்தம் முடிந்தது.

செத்த ஈயை எண்ணுவது விரதத்துக்கு ஆகுமா என்று லயனில் ஒரு விவாதம் நடந்தது.

"ஈ என்ன கறியா? எண்ணத்தானே போறேன், தாளிக்கவா போறேன்?" என்றார் அக்கா. அதோடு விவாதம் முடிந்தது. ஆனாலும் பால்குடத்தன்று காலை மட்டும் எண்ணும் வேலையை என்னிடம் கொடுத்தார். இறகைக் கொடுத்து, "ரெண்டு தடவை" என்றார். "ரெண்டாந் தடவை பின்னாலேருந்து."

அன்று விடிந்ததும் தவுக்கே ஆறு போத்தல்களையும் ஒரு காய்கறிக் கூடையில் கொண்டுவந்து ஆபீஸ் படியில் வைத்தார். நான் தட்டுகளில் கொட்டி எண்ணினேன். பின்னாலிருந்தும் எண்ணினேன். அக்கா அரை மணியில் முடிப்பது எனக்கு ஒன்றரை மணி ஆயிற்று. பச்சை எழுபத்தெட்டு. இரைக் கட்டத்தில் ஈரல் என்று எழுதினேன்.

நான் வெளியே வந்தபோது மேளம் தொழிற்சாலை வளைவைத் தாண்டிவிட்டது. பால்குடங்கள் வரிசையாக வந்தன. அக்கா நான்காவது. மஞ்சள் புடவை, தலையில் குடம், கெட்ட தோளைத் தொங்கவிட்டு இடது கையால் மட்டும் பிடித்திருந்தார். நாக்கில் சிறிய வெள்ளி அலகு குத்தியிருந்தார்கள். பேச முடியாது. பாதை ஓரத்தில் நின்ற என்னிடம் வந்ததும் நடையை நிறுத்தவில்லை, கண்ணை மட்டும் திருப்பினார்.

"எழுபத்தெட்டு" என்றேன்.

அவர் தலை அசையவில்லை. அசைந்தால் பால் சிந்தும். கண் என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் காத்து நின்ற அண்ணனிடம் போனது. அங்கிருந்து மேட்டில் இருந்த ஆட்டுக் கொட்டகைக்குப் போனது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடேறினார். மருந்தடிக்கும் கும்பலிலிருந்து இன்னொருவரும் கூடப் போனார். ஊர்வலம் கோயிலுக்கு இறங்கியது.

குட்டிகளோடு சேர்த்து நாற்பத்தொன்பது. இரண்டு பேரும் ஒன்று விடாமல் புரட்டிப் பார்த்தார்கள். மதியம் நான் கோயிலுக்குப் போனபோது அபிஷேகம் முடிந்து, அலகை எடுத்துவிட்டு, நாக்கில் விபூதி வைத்துக்கொண்டு அக்கா தூணோரம் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் விபூதியை விழுங்கினார்.

"எத்தனை ஆட்டுல?"

"ரெண்டு."

"முட்டையா, புழுவா?"

"முட்டைதான், அக்கா."

தலையசைத்துவிட்டு, அன்னதானத்துக்கு இலை போடுகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.